சோதனைக்கு அஞ்சுவானேன்?

நோயினால் வரும் துன்பம் ஒன்று. நோய் இருக்குமோ என்னும் ஐயத்தினால் வரும் துன்பம் மற்றொன்று. முன்னதற்கு வைத்தியர் உண்டு, மருந்தும் உண்டு. பின்னதோ, இரவில் தனித்திருக்கும்போது மனிதனை உள்ளிருந்து அரிப்பது. எச்.ஐ.வி. என்னும் பெயரைச் சுற்றி நம் சமூகத்தில் வளர்ந்திருப்பது பெரிதும் இவ்விரண்டாவது துன்பமே.

கல்முனைப் பகுதியில் நெடுநாள் ஆசிரியத் தொழில் புரிந்துவரும் எம்மைக் காணப் பழைய மாணவர்கள் வருவதுண்டு. கட்டாரிலும் சவூதியிலும் தொழில் பார்த்து விடுமுறையில் வருவோர் பேரீச்சம்பழப் பொட்டலத்துடன் வந்து சிரித்துப் பேசிச் செல்வர். அவ்வாறு வந்த ஒருவன் சிரிக்கவில்லை. உடல் மெலிந்து, கண் குழிந்து காணப்பட்டான். வாப்பாவும் உம்மாவும் அவனுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள்.

"சேர், போன இடத்தில் ஒருமுறை பிழையாக நடந்துவிட்டேன். ஆறு மாதமாகிறது. அன்று தொட்டு நித்திரை இல்லை" என்றான். சிறு காய்ச்சல் கண்டாலும், தோலில் ஒரு தடிப்புத் தோன்றினாலும், கைத்தொலைபேசியில் நோய்க்குறிகளைத் தேடித் தேடி வாசித்துத் தன்னையே வதைத்திருக்கிறான்.

"இரத்தம் கொடுத்துப் பார்த்தாயா, தம்பி?" என்றோம்.

"அதுதான் சேர் பயம். போகிற இடத்தில் ஊரார் யாரும் கண்டுவிட்டால்?"

அவன் அஞ்சியது கிருமிக்கு மட்டுமன்று. அதனினும் மேலாக அயலாரின் கண்ணுக்கு. நெருங்கி வீடமைத்து வாழும் கரையோர ஊர்கள் எம்முடையவை. ஒரு தெருவில் தும்மினால் அடுத்த தெருவில் கேட்கும். ஆகவே அவன் அச்சத்தை நாம் இகழவில்லை. "மணமகளாக வரப்போகும் பிள்ளையை நினைத்துப் பார். உனக்காக இல்லாவிடினும் அவளுக்காக நீ இதை அறிந்தாக வேண்டும்" என்று மட்டும் சொன்னோம். நெடுநேரம் மௌனமாயிருந்தவன், "மட்டக்களப்புக்குப் போவோமா, சேர்? நீங்களும் வருவீர்களா?" என்றான்.

மறுவாரம் இருவரும் பஸ் ஏறினோம். அங்குள்ள அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் எவரும் முகஞ்சுளிக்கவில்லை. கட்டணம் இல்லை. பெயரை உரக்கக் கூவாமல் இலக்கத்தைச் சொல்லியே அழைத்தனர். அவன் தனித்திருக்க வேண்டாம் என்றெண்ணி நாமும் எம் கையை நீட்டினோம். வியப்பு யாதெனின், அஞ்சுதற்குக் காரணம் ஏதுமில்லாத எம் நெஞ்சமும் முடிவு தெரியும் வரை படபடத்தது! அச்சம் என்பது குற்றத்தின் சாட்சியன்று, காத்திருக்கும் எவர்க்கும் இயல்பானதே என்பதை அன்று உணர்ந்தோம்.

திரும்பும் வழியில், பஸ் களுவாஞ்சிக்குடியை அடையுமுன்பே அவன் ஜன்னலில் தலை சாய்த்து உறங்கிவிட்டான். முடிவு இன்னும் அவன் கைக்கு வரவில்லை. ஆயினும் ஆறு மாதமாக ஓடி ஒளிந்தவன் நின்று திரும்பிப் பார்த்துவிட்டான்; அதுவே அவனுக்கு உறக்கம் தந்தது. பின்னர் வந்த முடிவு யாது என்று வாசகர் வினவலாம். அது அவனுக்கும் வைத்தியருக்கும் உரியது. அதை இங்கே எழுதுதல் முறையன்று.

நிற்க. இவ்வச்சம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்ற நிர்மலா என்னும் பெண்மணியிடம், பேராசிரியை சுனிதி சாலமன் எச்.ஐ.வி. பற்றி ஆராயுமாறு பணித்தார். அந்நோய் மேல்நாட்டாருக்கே உரியதென்று பலரும் நம்பியிருந்த காலம் அது. நிர்மலா தயங்கினார், கணவர் ஊக்கமளித்தார். திரட்டிய இரத்த மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்துக் காத்து, பின்னர் கணவருடன் இரவு ரயிலேறி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். அங்கு நடந்த சோதனையில் ஆறு மாதிரிகளில் தொற்றுக் காணப்பட்டது. 1986ஆம் ஆண்டில் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இவ்வாறே. அடுத்த ஆண்டு, 1987இல், இலங்கையிலும் அது கண்டறியப்பட்டது.

அந்நாளில் சோதனை இருந்தது, சிகிச்சை இல்லை. 'தெரிந்து என்ன பயன்?' என்று அன்று ஒருவர் கேட்டிருப்பின், அக்கேள்வியில் ஓரளவு நியாயம் இருந்தது. 1996ஆம் ஆண்டளவில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின் நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. இன்று பெரும்பாலோர்க்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரை போதும். காலந்தாழ்த்தாது தொடங்கி, ஒழுங்காக மருந்துண்போர் ஏனையோரைப் போலவே நெடுங்காலம் வாழலாம். இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அவ்வாறே நிலைத்திருக்குமாயின், உடலுறவு மூலம் துணைவருக்குத் தொற்றாது என்பதும் ஆராய்ச்சிகளால் நிறுவப்பட்ட உண்மை. இலங்கையில் இம்மருந்து இலவசமாகவே வழங்கப்படுகிறது.

சோதனை பற்றி இளைஞர் அறிய வேண்டியவை சில உண்டு. கிருமி புகுந்த மறுநாளே சோதனையில் தெரிந்துவிடாது. அதற்குச் சில வாரங்கள் செல்லும். சம்பவம் நடந்து மூன்று மாதம் கழிந்தபின், இடையில் வேறு சம்பவம் நேராதிருந்து, 'இல்லை' என வரும் முடிவை உறுதியாக நம்பலாம். 'உண்டு' என்று முதலில் காட்டினும் மறுசோதனை செய்த பின்னரே தீர்மானிப்பர். காய்ச்சலும் தடிப்பும் மெலிவும் நூறு காரணங்களால் வரும். கவலையாலும் மனிதன் மெலிவான். ஆதலால் உடலைப் பார்த்து ஊகித்தல் வீண். இரத்தமே விடை கூறும்.

மற்றொன்று சொல்ல விரும்புகிறோம். ஆடவர் நடுங்கும் இச்சோதனைக்கு நம் வீட்டுப் பெண்கள் ஆரவாரமின்றி உட்பட்டு வருகின்றனர். சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குக்குச் செல்லும்போது எடுக்கும் இரத்தத்தில் எச்.ஐ.வி.யும் சிபிலிசும் சோதிக்கப்படுகின்றன. அதன் பயனாக, தாயிடமிருந்து பிள்ளைக்கு இவ்விரு நோய்களும் பரவுதலை ஒழித்த நாடென்று 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது. இரத்ததானம் செய்வோரின் இரத்தமும் இவ்வாறே சோதிக்கப்படுகிறது. வளைகுடா நாடுகளில் தொழில் பெறுதற்கான மருத்துவப் பரிசோதனையிலும் இது உண்டு. நம்மிடையே எத்தனையோ பேர் கடந்து வந்துவிட்ட வாசலே இது. இதில் வெட்கத்துக்கு இடமேது?

ஆகவே, ஐயத்தோடு வாழும் தம்பிமாரே, தங்கைமாரே! தனியே போக அஞ்சினால், நம்பத்தகுந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பெற்றோரே, ஆசிரியரே! அவ்வாறு அழைக்கப்படும்போது காரணம் விசாரித்து நீதி வழங்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு உடன் புறப்படுங்கள்.