தொலைநகல்

தொலைபேசிக்குப் பின்னரே தொலைநகல் பிறந்தது என எண்ணுவோர் பலர். உண்மையோ மறுதலை. கிரகாம் பெல் தொலைபேசிக்கு ஆக்கவுரிமை பெற்றது 1876இல். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த அலெக்சாந்தர் பெயின் தொலைநகலுக்குப் பெற்றது 1843இல்! அவர் மணிக்கூடு செய்யும் வினைஞர் என்பதை வாசகர் மனத்திற் கொள்க.

இத்தாலியப் பாதிரியார் கசெல்லி அக்கருத்தைச் செயலாக்கினார். மின்னைக் கடத்தாத மையினால் மெல்லிய தகரத் தகட்டில் எழுதுவர். ஊசலோடு ஆடும் ஊசி அதனை வரிவரியாகத் தடவும். மையுள்ள இடமும் இல்லாத இடமும் மின்னோட்டத்தில் வேறுபட, மறுவூரில் இரசாயனம் தோய்ந்த தாளில் அவ்வாறே நிறம் படியும். ஊசல்கள் இரண்டும் ஒத்தாடல் வேண்டும். சற்றே பிசகினும் எழுத்துச் சிதையும். 1865இல் பாரிசுக்கும் லியோனுக்குமிடையே இச்சேவை தொடங்கிற்று. வணிகர் கையொப்பத்தைச் சரிபார்க்கவே இதனைப் பெரிதும் நாடினர். தந்தியில் அது வாராதன்றோ!

1980இல் சர்வதேச நியமமொன்று வகுக்கப்பட்டபின், ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் கடல் கடந்தது. நம்மவருக்கும் அது பயன்பட்டது. 1998இல் கனடாவிலிருந்து நம் தமையனார் எழுதிய கடிதம், கொழும்பிலே ஒரு கடையில் சுருள் தாளாக வந்திறங்கிற்று. செய்தியினும் எழுத்தின் சாய்வைக் கண்டே அன்னையார் கண்கலங்கினார்.

அத்தாள் சூட்டினாற் கறுக்கும் பூச்சுடையது; நாளடைவில் மங்குவது அதனியல்பு. இன்று கையொப்பத்தின் வால் மட்டுமே தெரிகின்றது. அன்னையார் மட்டும் அதனை முதலிலிருந்து இறுதிவரை வாசிக்கின்றார்.