கொடைக்கானலில் கோல்ப்

விருத்தாசலத்தில் ரயிலேறி, கொடைரோடில் இறங்கி மலையேறினால் நெய்வேலிச் சுரங்க வெயில் மறந்தே போகும். கொடைக்கானல் கோல்ப் கிளப் 1895-ல் தொடங்கியது. மேடும் பள்ளமுமாக 18 குழிகள்.

இம்மாதிரி கிளப்புகளின் ஞாயிற்றுக்கிழமை நட்புப் போட்டியில் ஒரு நல்ல வழக்கம், 'ஹாண்டிகேப்' என்னும் சலுகை. அடித்த அடிகளை எண்ணுவார்கள், குறைவானவருக்கே ஜெயம். பழகிய கணவர் 85 அடித்து, சலுகை 12 கழித்தால் 73. புதிதாக ஆடும் மனைவி 102 அடித்தாலும், சலுகை 30 போக 72. அம்மா ஜெயிச்சாச்சு!

ஆகவே பிளாஸ்கும் ஸ்வெட்டருமாக மரத்தடியில் காவலிருக்காமல், நீங்களும் மட்டையைக் கேளுங்கள். குழந்தைகள் ஆடுபவருக்குப் பின்னால்தான் நிற்கணும். பந்து கல் மாதிரி. காட்டெருமை மேய வந்துவிட்டால், ஜெயிக்கிறவர் தோற்கிறவர் எல்லோருமே ஒதுங்க வேண்டியதுதான்.