எடை குறைந்த கார்

ரயில்வே சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் பணிபுரியும் எனக்கு, எந்த வேகனைக் கண்டாலும் அதன் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் வெற்று எடையின்மீதே முதலில் கண் செல்லும். ஏற்றிய சரக்குக்குக் கட்டணம் உண்டு; வேகனின் சொந்த எடைக்கு யாரும் கட்டணம் தருவதில்லை. ஆயினும் எஞ்சின் அதையும் சேர்த்தே இழுத்தாக வேண்டும். இவ்வுண்மையையே மூலதனமாகக் கொண்டு ஓர் ஆங்கிலேய இளைஞர் பந்தயக் கார்கள் செய்து புகழ் பெற்றார். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திய எனக்கும் எளிதில் விளங்கிய அவ்வரலாற்றைச் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அவர் பெயர் காலின் சாப்மன். கட்டமைப்புப் பொறியியல் பயின்றவர். 1952-ல் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். லண்டனின் ஹார்ன்சிப் பகுதியில் அவருடைய தந்தையார் நடத்திய 'ரெயில்வே ஹோட்டல்' என்னும் விடுதிக்குப் பின்புறமிருந்த பழைய குதிரை லாயமே பட்டறை. ரயில்வே ஊழியனுக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவது இயல்புதானே!

1956-ல் அங்கிருந்து வெளிவந்தது 'லோட்டஸ் லெவன்'. அதன் எடை சுமார் 450 கிலோ. நம் நாட்டு அம்பாசிடர் காரின் எடையில் பாதிகூட இல்லை. மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணங்களாக இணைத்து அதன் சட்டத்தை அமைத்தனர். ஆற்றின்மேல் நிற்கும் இரும்புப் பாலங்களைக் கண்டவர்க்கு இம்முறை புதிதன்று. நாற்கோணச் சட்டத்தைத் தள்ளினால் சாயும்; முக்கோணம் சாயாது. ஆகவே கனத்த இரும்பு தேவைப்படவில்லை. விமானத் தொழிலில் பணியாற்றிய ஃபிராங்க் காஸ்டின், காற்று வழுக்கிச் செல்லும்படி அலுமினிய உடலை வடிவமைத்தார்.

அதன் 1098 சி.சி. எஞ்சினின் பிறப்பு விந்தையானது. தீயணைப்போர் தூக்கிச் செல்லத்தக்க நீர்ப்பம்புக்காகக் கவென்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனம் செய்த இலேசான எஞ்சினின் வழிவந்தது அது. 1956-ல் இத்தாலியின் மோன்ஸா ஓடுதளத்தில் ஸ்டர்லிங் மாஸ் இக்காரை மணிக்குச் சுமார் 230 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்தினார்.

எடை குறையவே பிரேக்கின் சுமை குறைந்தது; டயரின் தேய்மானம் குறைந்தது; பெட்ரோல் செலவும் குறைந்தது. 24 மணி நேரம் நடைபெறும் பிரான்ஸின் லெ மான் பந்தயத்தில் இச்சிக்கனம் பயன் தந்தது. 1956-ல் 1100 சி.சி. பிரிவில் வென்ற லெவன், மொத்தத்தில் ஏழாவதாக வந்தது. 1957-ல் அப்பிரிவில் மீண்டும் வென்றது. அதே ஆண்டு 744 சி.சி. எஞ்சின் பொருத்திய மற்றொரு லெவன், எஞ்சினின் அளவுக்கேற்ப விதிக்கப்பட்ட தூரத்தைக் கடந்து எவ்வளவு மிகுதியாக ஓடியது என்று கணக்கிட்டு வழங்கும் பரிசையும் பெற்றது. சிறியது பெரியதை வென்ற நாள் அது.

இத்துடன் முடித்தால் வரலாறு இனிக்கும். ஆனால் முழுமை பெறாது. அவ்வாண்டு ஜூனில் லெ மானில் 1100 சி.சி. வெற்றியைத் தேடித் தந்த இருவருள் ஒருவர் ஹெர்பர்ட் மக்கே-ஃபிரேசர் என்னும் அமெரிக்கர். மூன்றே வாரங்களில், ஜூலை 14 அன்று, ரீம்ஸ் பந்தயத்தில் லோட்டஸ் காரை ஓட்டியபோது விபத்துக்குள்ளாகி இறந்தார். காற்றைக் கிழிக்கும் மெல்லிய தகடு, மோதும்போது மனிதனைக் காப்பதில்லை. அக்காலத்துப் பந்தயக் கார்கள் பலவற்றிலும் ஓட்டுநருக்கு இருக்கைப் பட்டைகூட இருந்ததில்லை. இன்றைய பந்தயக் கார்களோ இலேசாகவும் இருக்கின்றன. ஓட்டுநரைச் சுற்றி உறுதியான கூடும் கொண்டுள்ளன. அக்கூட்டின் எடையை வீண்சுமை என்று இன்று யாரும் கருதுவதில்லை.

மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் சாமான்களைக் குறைத்துப் புறப்படும் நம் போன்ற குடும்பத்தினர் இக்கணக்கை அறிவோம். அம்மியை விட்டுச் செல்வோம். மருந்துப் பெட்டியை விட்டுச் செல்லோம்.