ஐந்தாவது கியர்

2004-ல் ஒரு மாலை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில் ஒன்றில் ஃபிட்டர் வேலை பார்ப்பவர் என் அலுவலகத்துக்கு வந்தார். உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு கியர் நாப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். கை பட்டுத் தேய்ந்த கறுப்பு உருண்டை.

"இதுல அஞ்சு போட்டிருக்கு சார். வண்டியில நாலுதான் விழுது."

வண்டி பழைய கான்டெசா கிளாசிக். இசுசு எஞ்சின் என்று சொல்லித்தான் வியாபாரி விற்றிருந்தார். ஆர்.சி. புக்கிலும் 1817 சிசி என்றே இருந்தது. ஆனால் ஜி.என்.டி. சாலையில் கம்பி ஏற்றிய டிரெய்லரை முந்தப் போனால், கவரைப்பேட்டை வரும்வரை அதன் பக்கத்திலேயே ஓட வேண்டியிருக்கிறது என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் பயம் இருந்தது. வண்டியில் மனைவியும் பிள்ளைகளும் இருந்திருக்கிறார்கள்.

கான்டெசா என்ற ஒரே பெயரில் ஓடியவை உண்மையில் இரண்டு கார்கள். 1984-ல் உத்தர்பாராவிலிருந்து வந்தபோது, இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டரின் உடம்புக்குள் அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினை வைத்திருந்தார்கள். சுமார் 50 குதிரைத்திறன், நாலு கியர். அவ்வளவு பெரிய உடம்பை அது இழுக்கத் திணறியது. சில ஆண்டுகள் கழித்து 1.8 லிட்டர் இசுசு எஞ்சினும் ஐந்து கியரும் வந்த பிறகுதான் கான்டெசாவுக்கு அதன் பேர் வந்தது. அந்த எஞ்சினுக்குத் தனி கிராக்கி. கழற்றி அம்பாசிடரில் பொருத்திக்கொள்ள ஆள் காத்திருப்பார்கள். என் கட்சிக்காரர் வண்டியில் நடந்தது அதுதான் என்று எனக்குப் பட்டது.

வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கேட்டு, திருவள்ளூர் நுகர்வோர் மன்றத்தில் மனு போட்டேன். ஆய்வு நாளன்று நண்பர் ஒருவரின் இசுசு கான்டெசாவைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினோம். மெக்கானிக் இரண்டு வண்டிகளின் ராக்கர் கவரையும் கழற்றினார். நண்பரின் எஞ்சினில் கேம்ஷாஃப்ட் தலைமேலேயே எண்ணெய் பளபளக்கக் கிடந்தது, முனையில் சங்கிலிப் பல்சக்கரம். மற்றதில் ராக்கர்களும், அவற்றைக் கீழிருந்து தள்ளும் புஷ் ராடுகளும் மட்டும். கேம்ஷாஃப்ட் அடியில் பிளாக்குக்குள் இருந்தது. ஆணையர் குனிந்து எஞ்சின் எண்ணைப் படித்தார். ஆர்.சி. புக்கில் இருந்த எண் வேறு.

"பழைய வண்டி, ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினார்" என்று எதிர்த்தரப்பில் வாதிட்டார்கள். எனக்குக் கோபமே வந்தது. பழைய வண்டி வாங்குகிறவன் தேய்மானத்தை ஏற்றுக்கொள்கிறான்; 1817 என்று சொல்லி 1489-ஐத் தலையில் கட்டுவதையும் ஏற்றுக்கொள்ள வேண்டுமா? பொருளின் தரத்தையோ மாடலையோ பொய்யாகச் சொல்வது முறையற்ற வணிகம் என்று 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(1)(ஆர்) பிரிவு தெளிவாகவே சொன்னது. எஞ்சினை மாற்றிவிட்டு அதை ஆர்.சி. புக்கில் பதியாமல் விட்டது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கும் விரோதம். இரண்டையும் சேர்த்தே வைத்தேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தரும்படி உத்தரவானது. ஒப்படைக்கும் நாளில் நானும் போயிருந்தேன். கட்சிக்காரர் கண்ணாடிகளைத் துடைத்தார், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் இருக்கின்றனவா என்று டிக்கியைத் திறந்து எண்ணிப் பார்த்தார். கடைசியாகப் பையிலிருந்து அந்த நாப்பை எடுத்து, கியர் தண்டில் மெதுவாகத் திருகி மாட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.