ஆடிய மீட்டரும் வெளுத்த காயும்

போடியில் வீடு, மலைக்கு அந்தப் பக்கம் வண்டன்மேட்டுக்கு அருகில் மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம். அந்த விவசாயியின் ஸ்டோரில் 15 வருடமாகக் காய் உலர்த்துவது ஒரே ஆள்தான். வயது 60-ஐத் தாண்டியவர். முதலாளிக்கு அவர் ‘அண்ணே’, அவருக்கு முதலாளி ‘தம்பி’.

ஏலக்காய்க்கு விலை அதன் பச்சை நிறத்தில்தான் இருக்கிறது. சுமார் 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் 1 கிலோ கிடைக்கும். அறைச்சூடு 45 முதல் 55 டிகிரிக்குள் நிதானமாக இருந்தால் நிறம் தங்கும். கூடினால் காய் வெளுத்து மஞ்சளாகிவிடும். அதற்காகவே போன சீசனில் ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் மாட்டினார்கள். அறைக்குள் தெர்மோகப்பிள் சென்சார். சூடு 50-க்குக் கீழே இறங்கினால் அடுப்பு ஊதும் புளோயர் ஓடும், ஏறினால் நிற்கும். சூடான காற்றைச் சுற்றவிடும் பெரிய ஃபேனுக்கு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவும் வந்தது.

முதல் நாளே பெரியவர் போனில் சொன்னார்: “மீட்டர் ஆடுது தம்பி. 48-ங்குது, 57-ங்குது, உடனே 43-ங்குது.” மெக்கானிக்கைக் கேட்டதில், கன்ட்ரோலரில் ஃபில்டர் அளவைக் கூட்டச் சொன்னார். கூட்டினார்கள். எண் 50-லேயே அசையாமல் நின்றது.

அடுத்த முறை 200 கிலோ காய் ஏற்றினார்கள். நடு இரவில் மறுபடி போன். “அறை கூடுதலாச் சுடுது தம்பி.”

“மீட்டர் என்ன காட்டுது அண்ணே?”

“50.”

“அப்புறம் என்ன? விடுங்க.”

காய் வெளுத்து இறங்கியது. ஏலத்தில் விலை விழுந்தது. “விறகைக் கண்டபடி போட்டுட்டீங்க” என்று ஆட்கள் முன்னால் பெரியவரைத் திட்டிவிட்டார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வேலைக்கு வரவில்லை.

அடுத்த காய்க்கு அவரே காவல் இருந்தார். பழைய கண்ணாடி தெர்மாமீட்டரை சென்சார் பக்கத்தில் தொங்கவிட்டார். மீட்டரில் 50, கண்ணாடியில் 59! தற்செயலாக ஃபேனை நிறுத்தியபோது மீட்டர் சில நொடிகளில் 59-க்குத் தாவியது. திரும்ப ஓடவிட்டதும் 50. அறைச்சூடு அத்தனை வேகமாக ஏறி இறங்காது. தப்பு விறகில் இல்லை, ஒயரில்தான்.

தெர்மோகப்பிள் என்பது இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் முனைகளை ஒன்றாகச் சேர்த்தது. ‘கே’ வகையில் ஒரு டிகிரிக்கு ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் 41 பங்கு மின்அழுத்தம்தான் உண்டாகும். 50 டிகிரிக்கும் கிடைப்பது டார்ச் பேட்டரியில் 700-ல் ஒரு பங்குதான். இந்த மெல்லிய சென்சார் ஒயரை, ஃபேனுக்குப் போகும் ஒயரோடு சேர்த்து ஒரே குழாயில் 15 மீட்டர் இழுத்திருந்தார்கள். டிரைவ் மின்சாரத்தை வெகு வேகமாக வெட்டி வெட்டி அனுப்பும். அந்த இரைச்சல் பக்கத்து ஒயரிலும் ஏறிக்கொள்கிறது. ஃபில்டர் எண்ணின் ஆட்டத்தை மட்டும்தான் அடக்கியது. தப்பான அளவைத் திருத்தவில்லை.

எலக்ட்ரீஷியனை வைத்து மெயினை அணைத்து, சில நிமிடம் பொறுத்து (டிரைவுக்குள் மின்சாரம் தங்கியிருக்கும்) வேலையைத் தொடங்கினார்கள்.

சென்சார் ஒயருக்குத் தனிக் குழாய் போட்டு, மோட்டார் ஒயரிலிருந்து ஒரு அடிக்கு மேல் தள்ளினார்கள். தாண்ட வேண்டிய இடத்தில் குறுக்காக மட்டும் தாண்டவிட்டார்கள்.

முறுக்கிய, மேலே உலோக உறை போட்ட ‘கே’ வகை ஒயரையே வாங்கினார்கள். உறையை கன்ட்ரோலர் பக்கம் மட்டும் எர்த் செய்தார்கள். இரண்டு முனையிலும் எர்த் செய்தால் உறை வழியாகவே மின்சாரம் ஓடி, புது இரைச்சல் வரும்.

முனை வெளிக்குழாயைத் தொடாத சென்சாராக மாற்றினார்கள். மோட்டாருக்கும் டிரைவுக்கும் எர்த்தைச் சரி செய்தார்கள்.

நீளம் போதவில்லை என்று சாதாரண செம்பு ஒயரை ஒட்டுப் போடக் கூடாது. ஒட்டுள்ள இடம் சூடானால் அளவு குறைத்துக் காட்டும். பிளஸ், மைனஸ் மாறவும் கூடாது.

பிறகு சோதனை. நொறுக்கிய ஐஸ் கலந்த தண்ணீரில் சென்சாரை வைத்தால் 0-க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். கொதிநீரில் வைத்தால் அந்த மலையில் 100 வராது; 1000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 97-லேயே கொதித்துவிடும். இரண்டையும் ஃபேன் ஓடும்போதும் நிற்கும்போதும் பார்த்தார்கள். எண் மாறவில்லை. மஞ்சள், முருங்கை இலை என்று எதை உலர்த்தும் டிரையருக்கும் இதே சோதனை போதும்.

அன்று மாலையே அவர் பெரியவர் வீட்டுக்குப் போனார். “அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி. மீட்டர்தான் தப்பு. வாங்க.”

பெரியவர் சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டது ஒன்றுதான்: “அந்தக் கண்ணாடி தெர்மாமீட்டர கழட்டிட்டீங்களா தம்பி?”

கழற்றவில்லை. இப்போதும் அது சென்சார் பக்கத்திலேயே தொங்குகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெரியவர் இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதுகிறார்.