ஹோமுக்கு ஒரு வரப்பு

உபுண்டுவை மறுபடி இன்ஸ்டால் பண்ணப்போறீங்களா? ஒரு நிமிஷம். போன செமஸ்டர்ல நானும் யோசிக்காம டிஸ்க்கை அழிச்சேன். ப்ராஜெக்ட் கிட்ஹப்ல இருந்தது, தப்பிச்சது. மரக்காணம் உப்பளத்துல வேலை பார்த்த தாத்தாவோட குரல் அதுல மட்டும்தான் இருந்தது.

லீவுக்குக் குயிலாப்பாளையம் வந்ததும் ஹோமுக்குத் தனிப் பார்ட்டிஷன் போட்டேன். லைவ் யூஎஸ்பியில பூட் பண்ணி, ஜிபார்ட்டட்ல இடம் ஒதுக்கி, எக்ஸ்ட்4-ஆ ஃபார்மட் பண்ணுங்க. ஆர்சிங்க்ல பெர்மிஷனோட காப்பி பண்ணுங்க. புதுப் பார்ட்டிஷனோட யூயூஐடியை எஃப்எஸ்டேப்ல எழுதுங்க. ரீபூட் பண்ணிச் சரிபார்த்த பிறகே பழையதை அழிங்க. அடுத்த இன்ஸ்டால்ல ஹோமை மவுண்ட் மட்டும் பண்ணுங்க, ஃபார்மட் வேண்டாம்.

பாத்திக்குப் பாத்தி வரப்பு இருந்தாலும், மழை வந்தா எல்லா உப்பும் கரையும். டிஸ்க் போனா ரெண்டு பார்ட்டிஷனும் போகும். வேற டிஸ்க்ல இன்னொரு காப்பி இன்னிக்கே எடுத்துடுங்க.