குறிப்புரைக்குள் ஒரு கட்டளை

என்ன சொல்கிறோம் என்பதையும் எப்படிச் சொல்கிறோம் என்பதையும் பிரிக்கவே முடியாது என்று இலக்கிய அன்பர்கள் வாதிடுவதுண்டு. தரவுத்தளத்தோடு மாரடிக்கும் எங்கள் தொழிலோ, அவ்விரண்டையும் பிரித்துவைத்ததன் மேல்தான் எழும்பி நிற்கிறது. தரவு எவ்விதம் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதை அறியாமலே அதைக் கேட்டுப் பெற வழியிருக்க வேண்டும் என்று 1970இல் எட்கர் காட் எழுதினார். அன்று முதல் வேண்டுவது இன்னதென்று மட்டும் நாங்கள் சொல்கிறோம். வழி தேடும் பொறுப்பு ஆப்டிமைசருக்கு.

அது எளிய பொறுப்பன்று. பத்து அட்டவணைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பதற்கு 36,28,800 வரிசைமுறைகள் உண்டு. ஐ.பி.எம்.மின் சிஸ்டம் ஆர் திட்டத்தில் பணியாற்றிய பாட்ரிசியா செலிங்கரும் அவர்தம் குழுவினரும் 1979இல் இதற்கொரு நெறி வகுத்தனர்: ஒவ்வொரு வழிக்கும் ஆகும் செலவை மதிப்பிடு, செலவு மிகுந்தவற்றைப் பாதியிலேயே கழித்துவிடு. இன்றைய ஆப்டிமைசர்கள் பலவும் இந்த நெறியின் வாரிசுகளே.

ஆனால் மதிப்பீடு மதிப்பீடுதான். பத்து லட்சம் முகவரிகளில் ஓர் ஊருக்குரியவை நூற்றில் ஒன்று, அவ்வூரின் ஓர் அஞ்சல் குறியீட்டுக்குரியவை ஆயிரத்தில் ஒன்று என்று கொள்வோம். இரண்டையும் சேர்த்துக் கேட்டால், அவற்றுக்குள் உறவிருப்பதை அறியாத ஆப்டிமைசர் இரண்டையும் பெருக்கிப் பத்துப் பதிவுகள் வரும் என்று கணிக்கும். வருவதோ ஆயிரம். பத்துப் பேருக்கு உலை வைத்த வீட்டில் ஆயிரம் பேர் பந்திக்கு அமர்ந்த கதைதான். தொடர்புள்ள பத்திகளுக்குச் சேர்த்துப் புள்ளிவிவரம் திரட்டும் வசதி இன்று உண்டு. எனினும் எவை தொடர்புள்ளவை என்பதைப் பெரும்பாலும் மனிதரே சொல்லியாக வேண்டும்.

இவ்விடத்தில்தான் 'ஹிண்ட்' நுழைகிறது. இந்த இண்டெக்ஸைப் பயன்படுத்து, இந்த வரிசையில் இணை என்று வினவலுக்குள்ளேயே எழுதிவிடுவது. ஆரக்கிளில் இது குறிப்புரையின் வடிவில், ஒரு கூட்டல் குறியோடு அமைகிறது. பெயர்தான் குறிப்பு, செல்லுபடியாகும் இடத்தில் அது கட்டளை. எழுத்துப் பிழை நேர்ந்தால் ஒரு முணுமுணுப்பும் இன்றிப் புறக்கணிக்கப்படும்.

முன்னோர் விட்டுச்சென்ற அத்தகைய வரியொன்று எங்கள் கைக்கு வந்தது. மாதக் கடைசி இரவில் அந்த வினவல் ஓடி முடிந்தால்தான் மறுநாள் பலருக்குச் சம்பளம். அது விடியும்வரை ஓடியது. அட்டவணை சிறிதாயிருந்த காலத்தில் எழுதப்பட்ட ஹிண்ட், அட்டவணை பலமடங்கு பெருத்த பின்னும் இண்டெக்ஸ் வழியே ஒவ்வொரு பதிவாகக் கதவைத் தட்டச் சொல்லிக்கொண்டிருந்தது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். தொடுவதற்கு எல்லோருக்கும் அச்சம். சோதனைப் பிரதியில் அவ்வரியை நீக்கிப் பார்த்தோம். ஆப்டிமைசர் ஹேஷ் இணைப்புக்கு மாறிக் கால்மணி நேரத்தில் வேலையை முடித்தது.

ஆகவே ஹிண்ட் தீது என்று முடித்துவிடலாமா? போஸ்ட்கிரெஸ்கியூஎல் உருவாக்குநர்கள் நெடுங்காலம் அப்படித்தான் வாதிட்டு வந்தனர். ஹிண்டால் ஒப்பேற்றிவிட்டால் மதிப்பீட்டில் உள்ள குறை வெளியே தெரியாமலே போகும் என்பது அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. நியாயமான வாதம். ஆயினும் புள்ளிவிவரம் புதுப்பிக்கப்படும் போதெல்லாம் மனம் மாறும் வினவல்களையும் கண்டிருக்கிறோம். நேற்று நொடியில் முடிந்தது இன்று மணிக்கணக்கில் நிற்கும். காத்திருப்பவருக்கு வேண்டியது ஆகச்சிறந்த வழியன்று, நம்பத்தக்க வழி. அப்படிப்பட்ட ஒன்றிரண்டுக்கு நாங்களும் ஹிண்ட் எழுதியிருக்கிறோம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி, அன்றைய பதிவுகளின் எண்ணிக்கை, எழுதிய காரணம் மூன்றையும் குறித்திருக்கிறோம்.

அந்தப் பழைய வரியை எழுதியவர் மீது எங்களுக்கு வருத்தமில்லை. எழுதிய நாளில் அது சரியாகவே இருந்திருக்க வேண்டும். அந்த நாள் எது என்பதை மட்டும் அவர் எழுதி வைக்கவில்லை.